கடைசி வாளியிலும் அதே சூடு

தண்ணீர் தன் கால்களைத் தொடுவதைக் கனிசியஸ் உணர்ந்து நான்கு வருடங்களாகின்றன. ஊற்றுவதைக் காண்பான். வழிவதைக் காண்பான். விரல்களுக்கிடையில் சவுக்கார நுரை தேங்குவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இடுப்புக்குக் கீழே நடப்பதெல்லாம் பக்கத்து வளவில் யாருக்கோ நடப்பதைப் போல இருக்கும்.

அவன் குருநகரில் கடலட்டை பிடித்த சுழியோடி. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் ஒரு பங்கு இரத்தத்தில் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் அது மெதுவாக வெளியேறும். அவசரமாக வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தவுடன் உள்ளே என்ன நடக்கிறதோ அதுவே உடம்புக்குள்ளும் நடக்கும். அன்றைக்குக் கனிசியஸ் அவசரமாக வந்தான். குமிழிகள் முள்ளந்தண்டில் அடைத்தன. படகில் ஏறும்போது கால்கள் அவனுடையவையாக இருந்தன. கரைக்கு வரும்போது இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் விடியவும் அவனுடைய மனைவி யோசப்பின் அவனைக் குளிப்பாட்டினாள். விறகடுப்பில் பெரிய பானையை ஏற்றி, கொதித்த தண்ணீரை வாளியில் கலந்து, அவனைத் தூக்கிப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஊற்றி, தேய்த்து, துடைத்து முடிக்கும்போது அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாழ்ப்பாண வெக்கையில் எதற்குச் சுடுதண்ணீர் என்று கேட்டவர்கள் உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அவனுடைய இரண்டு கால்களும் பலகை போல விறைத்து நீளும். ஆளையே கதிரையிலிருந்து தள்ளிவிடும். இளஞ்சூட்டில் மட்டும் அவை சாதுவாகக் கிடந்தன.

அந்த நேரம் முழுவதும் கனிசியஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். யோசப்பின் வாளியோடு போய்வர வேண்டியிருப்பதால் கதவு திறந்தே கிடக்கும். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே தான் மட்டும் இருந்து, ஒரு தடவை குளிக்க வேண்டும். அதற்கு மேல் அவன் எதையும் கேட்கவில்லை.

யோசப்பினுக்கும் ஒன்று காத்திருந்தது. கலியாணத்துக்கு முன் அவள் நண்டுச் சதை பிரித்த கொம்பனியில் இப்போது அந்தப் பெண்களை மேற்பார்க்க ஆள் தேடினார்கள். விடிய ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் இல்லையென்று சொல்லிவிட்டாள்.

"வாற தையிலை புதுக் கட்டடம் திறக்கினமாம்," என்றாள் ஒருநாள், அவனுடைய தலையைத் துவட்டியபடி. "அப்பவும் நான் வராட்டி வேறை ஆளாம்."

"போவன்."

"போனால் உங்களுக்கு ஆர் வாக்கிறது?"

"நானே குளிப்பன்."

"என்னண்டு? பானையைத் தலையிலை வைச்சுக்கொண்டு வீல்செயார் ஓட்டுவியளோ?"

"குளிக்காமல் இருப்பன்."

"அப்ப எனக்கும் நண்டு மணம், உங்களுக்கும் நண்டு மணம். நல்ல சோடி."

அவள் சிரித்தாள். துவாய் தலையை மூடியிருந்ததால் அவன் சிரித்தானா என்பது தெரியவில்லை.

அந்த வருடம் சித்திரைப் புதுவருட விடுமுறையில்தான் வழி தென்பட்டது. பிரான்ஸில் இருக்கும் கனிசியஸின் அண்ணன் எமில்ராஜ் அவர்களுடைய கூரையில் சோலார் தகடுகள் பூட்டிக் கொடுத்திருந்தான். வீட்டுக்குப் போக மிஞ்சிய மின்சாரம் வீதிக் கம்பிக்குப் போகும். விடுமுறை தொடங்க முன், பகலில் அவற்றை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையிலிருந்து கைப்பேசிக்கு அறிவித்தல் வந்தது. காரணம் எளிது. கம்பியில் போகும் மின்சாரத்தை அங்கே சேமித்து வைக்க முடியாது. உண்டாகும் நொடியிலேயே யாராவது அதைச் செலவழித்தாக வேண்டும். தொழிற்சாலைகளும் கந்தோர்களும் பூட்டிக் கிடக்கும் நாட்களில் வெயில் மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. வாங்க ஆளில்லாமல் மின்சாரம் மிஞ்சினால் முழுக் கட்டமைப்பும் தடுமாறும்.

கனிசியஸ் சொன்னபடி சுவிச்சை நிறுத்திவிட்டுக் கட்டிலில் கிடந்தான். மேலே ஓட்டில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. தகடுகள் இருந்தன, கம்பி இருந்தது, போக இடம் இல்லை. அந்த நிலைமையை யாரும் அவனுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெரிசனைக் கூப்பிட்டான். ஜெரிசன் ஒரு காலத்தில் கனிசியஸின் படகில் எஞ்சின் பார்த்தவன். இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை வயரிங் வேலை செய்கிறான்.

"மூண்டு தகட்டைத் தனியப் பிரிச்சுத் தா," என்றான் கனிசியஸ்.

"பிரிச்சு? பற்றறி வைக்கப் போறியளோ அண்ணை?"

"தண்ணி வைக்கப் போறன்."

ஜெரிசன் யோசப்பினைப் பார்த்தான். யோசப்பின் கையை விரித்தாள்.

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் பற்றறிதான் நினைவுக்கு வரும். கனிசியஸ் வேறுவிதமாக யோசித்திருந்தான். சேமித்த மின்சாரத்தை வைத்து அவன் கடைசியில் என்ன செய்யப் போகிறான்? தண்ணீரைச் சூடாக்கப் போகிறான். அப்படியென்றால் முதலிலேயே சுடுதண்ணீராகச் சேமித்துவிடலாமே. தண்ணீர் ஒரு பிடிவாதமான பொருள். சூடாவதற்கு நிறைய வெப்பத்தைக் கேட்கும். சூடான பிறகு அதை இலேசில் விட்டுக்கொடுக்காது. சுற்றிவரத் தடித்த பஞ்சு போர்த்துவிட்டால், மத்தியானம் வாங்கிய வெயிலை அடுத்த நாள் விடியும்வரை பிடித்து வைத்திருக்கும்.

குளியலறைக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு துருப்பிடியாத உருக்குத் தண்ணீர்த் தாங்கி வந்து நின்றது. அதன் வயிற்றுக்குள் சூடாக்கும் கம்பி. மூன்று தகடுகளின் மின்சாரம் வீதிக் கம்பியைத் தொடாமல் நேரே அந்தக் கம்பிக்கு வந்தது. தண்ணீர் எழுபது பாகைக்கு வந்ததும் ஒரு கருவி அதைத் துண்டித்துவிடும்.

தாங்கிக்குள் நடப்பதுதான் கனிசியஸுக்கு மிகவும் பிடித்த விஷயம். சூடான தண்ணீர் சற்று விரிவதால் பாரம் குறைந்து மேலே நிற்கும். குளிர்ந்தது கீழே நிற்கும். குழப்பாமல் விட்டால் இரண்டும் ஒரே பாத்திரத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து கிடக்கும். அதனால் சுடுதண்ணீரைத் தாங்கியின் உச்சியிலிருந்து எடுத்து, புதுத் தண்ணீரை அடியில் விட்டார்கள். அடியில் வருவது மேலே நிற்பதைத் தள்ளும். கலக்காது, தள்ளும்.

"அதாலை, முதல் வாளி என்ன சூடோ கடைசி வாளியும் அதே சூடு," என்று அவன் யோசப்பினுக்குச் சொன்னான். "பானைத் தண்ணி மாதிரி வரவர ஆறாது."

"நாலு தரம் சொல்லிப்போட்டியள்."

"அஞ்சாம் தரம் கேட்டால் குறைஞ்சோ போவாய்?"

குருநகரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று கிணற்றுத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. மற்றது ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் சூடாக்கும் கம்பியைத் தின்றுவிடும் என்பதால் தாங்கிக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்தார்கள். குளிர்ந்த பக்கத்துக்கு? அதை ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை. உடம்பு கழுவ உப்புத் தண்ணீர் போதும் என்னும் இடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றுகிறவர் அந்த ஒழுங்கையில் கிடையாது. கூரையில் ஏற்கெனவே இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகள் இருந்தன, நல்ல தண்ணீருக்கு ஒன்று, உப்புத் தண்ணீருக்கு ஒன்று. முதலாவதிலிருந்து சுடுதண்ணீருக்கு, மற்றதிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு என்று ஜெரிசன் குழாய் இழுத்தான். கதிரையில் இருந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு திருகுகள். இரண்டும் சேர்ந்து ஒரே பூவாளிக் குழாயில் வரும். அதை எதிர்ச்சுவரில் ஓர் ஆணியில் கொழுவிவிட்டால் இரண்டு கைகளும் வேலைக்கு மிஞ்சும்.

"எல்லாம் சரி அண்ணை," என்றான் ஜெரிசன், முடித்துக் கைகளைத் துடைத்தபடி. "முதல் குளிப்புக்கு மாமிமாரைக் கூப்பிட்டு, பால் அறுகு வைச்சு, பெரியபிள்ளையான பெட்டைக்கு வாக்கிற மாதிரிச் சாமத்தியத் தண்ணி வாப்பமோ?"

"போடா!"

யோசப்பின் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கனிசியஸ் தன் கை எட்டும் உயரத்தில் ஒரு புதுக் கொண்டி பூட்டுவித்திருந்தான்.

"உது ஏன்?"

"சும்மா."

"கதவைச் சாத்துங்கோ. கொண்டி போடவேண்டாம்."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போடுவியள். எனக்கு உங்களைத் தெரியும்."

தை பிறந்தது. ஒரு கிழமை யோசப்பின் கதவுக்கு வெளியே காவல் நிற்க, அவன் உள்ளே பழகினான். சக்கர நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் கதிரைக்குக் கைகளால் தாவுவது. முதலில் குளிர்ந்த திருகைத் திறப்பது, பிறகு சுடுதண்ணீரை மெல்ல மெல்லச் சேர்ப்பது. கால்களை நம்ப முடியாததால் மணிக்கட்டின் உட்புறத்தில் பட்டுச் சூடு பார்ப்பது. ஒவ்வொரு பத்து எண்ணுக்கும் அவள், "உயிரோடை இருக்கிறியளோ?" என்று கேட்பாள். "செத்திட்டன்," என்பான் அவன். ஒருநாளும் பிழை நடக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

படலை சாத்தும் சத்தத்தைக் கனிசியஸ் கேட்டான். வீட்டில் யாருமில்லை. நாற்காலியை உருட்டிக் குளியலறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். கொண்டியைப் பார்த்தான். போட்டான். தகரத்தில் தகரம் விழுந்த அந்தச் சின்னச் சத்தத்தில் நெஞ்சுக்குள் எதுவோ அகன்றது.

கதிரைக்குத் தாவினான். குளிர்ந்தது, பிறகு சூடு. மணிக்கட்டில் இதமாக இருந்தது. பூவாளியை ஆணியில் கொழுவினான். தண்ணீர் அவனுடைய தொடைகளிலும் கால்களிலும் மழையாக விழுந்தது. சவுக்காரத்தை எடுத்துக் கழுத்திலும் மார்பிலும் ஆறுதலாகப் போட்டான். அவசரப்படுத்த ஆளில்லை. கண்ணை மூடி முகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கால்கள் திடீரென்று விறைத்து நீண்டன. எதிர்ச்சுவரில் உதைத்தன. கதிரை பின்னால் வழுக்கிக் கவிழ, அவன் பக்கவாட்டில் நிலத்தில் விழுந்தான்.

குளிர் பட்டால் வரும் இழுப்பு என்றுதான் முதலில் நினைத்தான். இளஞ்சூட்டில் ஏன் இழுப்பு வர வேண்டும் என்பது அடுத்த நினைப்பு. முகத்தைத் துடைத்துக் கண்ணைத் திறந்தான். பூவாளியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

கால்களின் செய்தி அவனுடைய மூளைவரை வருவதில்லை. ஆனால் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கொதிதண்ணீர் பட்டால் அந்தச் செய்தி அங்கேவரை போய், அங்கிருந்தே திரும்பி, இழு என்ற கட்டளையாகக் கால்களுக்கு வரும். உடம்பின் சொந்தக்காரனைக் கேட்காமலே நடக்கும். கால்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். இடது கால் வந்தது. வலது பாதம் கவிழ்ந்த கதிரையின் கால்களுக்கிடையில் மாட்டியிருந்தது. அதன்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கதிரையைத் தட்டி விலக்கிப் பாதத்தை இழுத்தெடுத்தான். பாதம் சிவந்திருந்தது. நோகவில்லை. நோகாததுதான் பயமாக இருந்தது.

இப்போது அவன் கதவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடந்தான். பின்னால் சக்கர நாற்காலி கதவை அடைத்து நின்றது. கொண்டி நாற்காலியில் இருப்பவனின் கைக்கு எட்டும், நிலத்தில் கிடப்பவனுக்கு எட்டாது. முன்னால் இரண்டு திருகுகளும் அதே மாதிரி, கதிரையில் இருப்பவனுக்காக வைத்த உயரத்தில். விறைத்த கால்கள் மடங்காமல் எழும்பி இருக்கவும் முடியாது. துவாய் விழுந்து நிலத்துத் துவாரத்தை அடைத்திருக்க, சூடான தண்ணீர் முழங்கையைத் தேடி வந்தது. முழங்கைக்கு உணர்வு உண்டு. அவன் பல்லைக் கடித்தான்.

ஏன் குளிர்ந்த தண்ணீர் நின்றது?

"கனிசியஸ் அண்ணை!"

சுவருக்கு அப்பால் கிணற்றடியிலிருந்து அயல்வீட்டுக் கிறிஸ்ரியின் குரல். "உங்கடை பக்கம் கறண்ட் இருக்கோ? விடிய அஞ்சு மணிக்குப் போனது, இன்னும் காணேல்லை. நான் கயித்திலை அள்ளுறன்."

அந்தக் கேள்வியிலேயே மறுமொழி இருந்தது. கறண்ட் இல்லை. கிணற்றிலிருந்து கூரைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் ஓடவில்லை. நேற்றுப் பின்னேரம் யோசப்பின் உடுப்புத் தோய்த்தாள். கூரையில் உப்புத் தண்ணீர்த் தாங்கி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்திருக்கிறது. மிச்சம் இருந்ததும் இப்போது முடிந்துவிட்டது. சுடுதண்ணீருக்கோ கறண்டும் தேவையில்லை, மோட்டரும் தேவையில்லை. அது வெயிலில் சூடாகி, மற்றத் தாங்கியின் பாரத்தில் தானாக வருகிறது. இரண்டு தண்ணீரில் ஒன்று முடிந்தால் மற்றது தனியாக வரும் என்பதை, அவனோ ஜெரிசனோ நினைத்துப் பார்க்கவில்லை.

"அண்ணை? கேக்குதோ?"

கூப்பிட்டால் வருவாள். கதவை உடைப்பார்கள். நண்டுக் கொம்பனிக்கு யாராவது ஓடுவார்கள். வேலைக்குப் போன முதல்நாளே, முதல் மணித்தியாலத்திலேயே யோசப்பின் திரும்பி வருவாள். அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் போகமாட்டாள்.

"கேக்குது பிள்ளை," என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "நான் குளிக்கிறன்."

"தனியவோ! யோசப்பின் அக்கா சொன்னவதான். கெட்டிக்காரன்! நல்லாத் தேய்ச்சுக் குளியுங்கோ."

"ஓம், ஓம்."

வாளி கிணற்றுக்கட்டில் இடிக்கும் சத்தம் தூரப் போயிற்று.

அவன் கணக்குப் பார்த்தான். தாங்கி நிறையத் தண்ணீர் இருக்கிறது. வரவர ஆறிவிடும் என்று காத்திருக்க முடியாது. ஆறாது. முதல் வாளி என்ன சூடோ கடைசி வாளியும் அதே சூடு. பானையாக இருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும்.

கலக்காது, தள்ளும்.

தள்ளுவது எது? அடியில் வரும் புதுத் தண்ணீர். சுடுதண்ணீர் தானாக வெளியே வருவதில்லை. கீழேயிருந்து ஒன்று வந்து இடத்தைப் பிடிப்பதால்தான் அது மேலே இடம்பெயர்கிறது. சுடுதண்ணீரின் திருகு எட்டாவிட்டால் என்ன, புதுத் தண்ணீர் உள்ளே போவதை நிறுத்தினால் சூடானது எங்கே போகும்?

தாங்கியின் அடிக்குப் போகும் குழாய்க்கு ஒரு வால்வு இருந்தது. வெளியே பூட்டினால் உப்புக்காற்று தின்றுவிடும் என்று ஜெரிசன் அதைக் குளியலறைக்குள், திருகுகளுக்கு நேர்கீழே, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பூட்டியிருந்தான். எட்டக்கூடியதுதான். ஆனால் ஆவி பறக்கும் மழைக்கு அந்தப் பக்கம்.

கனிசியஸ் துவாயை இழுத்துத் துவாரத்தைத் திறந்தான். பிளாஸ்டிக் கதிரையை ஒரு கையால் தூக்கி, அதன் முதுகு பூவாளிக்கு நேரே வரும்படி சுவரில் சாய்த்தான். தண்ணீர் கதிரையில் மோதி ஒருபக்கமாக வழிந்தது. கால்களைப் பின்னால் விட்டு, முழங்கைகளால் நிலத்தை இழுத்து இழுத்து அந்தக் கதிரைக் கூரைக்குக் கீழே தலையை நுழைத்தான். கடலுக்கடியில் கல் இடுக்குகளுக்குள் நுழைந்த மாதிரிதான், மூச்சு மட்டும் இங்கே சுட்டது. தோளில் தெறித்தது. கையை நீட்டினான். வால்வு கிடைத்தது. திருகினான். அசையவில்லை. உள்ளே பூட்டியும் உப்பு வந்துவிட்டிருந்தது. துவாயைச் சுற்றி இரண்டு கைகளாலும் பிடித்து, மேலுடம்பின் பாரம் முழுவதையும் போட்டான். கிறீச்சிட்டுக்கொண்டு அது திரும்பியது.

தண்ணீர் நிற்கவில்லை.

அவன் நிலத்தில் கன்னத்தை வைத்துக் கிடந்தான். தான் நினைத்தது பிழையா? பிறகுதான் தாங்கியின் தலையில் ஆவி போக விட்டிருந்த உயரமான குழாயை நினைத்தான். அதற்குள் நிற்கும் தண்ணீர் இறங்கி முடிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டான். மழை மெலிந்தது. நூலானது. துளியானது. நின்றது.

அவ்வளவு அமைதியை அந்த வீட்டில் அவன் கேட்டதில்லை. வழுவழுத்த நிலத்தில் உடுப்பில்லாமல், கொண்டி போட்ட கதவுக்குள், முழுத் தனிமையில் கிடந்தான். கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

எழும்ப மூன்று தடவை முயன்றான். சக்கர நாற்காலி ஈரத்தில் வழுக்கி வழுக்கிப் போனது. யோசப்பின் இரண்டு மணிக்கு வருவாள். அதுவரை இப்படியே கிடந்துவிட்டு, அவள் வந்ததும், சும்மா விழுந்துவிட்டேன் என்று சொல்லலாம். திரும்பிப் பாதத்தைப் பார்த்தான். சிவப்பு வெளிறி, தோல் மேலெழும்பி, உள்ளே நீர் கட்டத் தொடங்கியிருந்தது.

பாசையூர் அடைக்கலநாதனும் அவனைப் போலச் சுழியோடிக் கால் போனவர். ஓட்டோவின் புகைக்குழாயில் பாதம் பட்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. சின்னக் காயம், யாருக்கும் காட்டவில்லை. உணர்வில்லாத காலில் இரத்தமும் சோம்பலாக ஓடும். காயம் ஆறாது. அடைக்கலநாதனின் செத்தவீட்டுக்குக் கனிசியஸ் சக்கர நாற்காலியில் போனான்.

இன்னும் கொஞ்ச நேரம் பாதத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு மூச்சை இழுத்தான்.

"கிறிஸ்ரி! பிள்ளை கிறிஸ்ரி!"

கிறிஸ்ரி கூப்பிட்டு ஓடிவந்த ஜெரிசன்தான் கதவை வெளிப்பக்கம் இழுத்து உடைத்தான். "கண்ணை மூடிக்கொண்டுதான் வாறன் அண்ணை," என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் சுற்ற ஒரு சாரத்தை உள்ளே எறிந்தான். கொண்டி மரத்தோடு பிய்ந்து தொங்கியது.

"யோசப்பினுக்குச் சொல்லவேண்டாம்," என்றான் கனிசியஸ்.

"விசரே உங்களுக்கு?" என்றாள் வாசலில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்ற கிறிஸ்ரி. "கதவும் உடைஞ்சுபோச்சு, காலும் வெந்துபோச்சு. எதைச் சொல்லாமல் விடுறது? நான் அப்பவே அவவுக்குப் போன் பண்ணிப்போட்டன்."

யோசப்பின் தலையில் கொம்பனி வலைத்தொப்பியோடு வந்து சேர்ந்தாள். ஓட்டோ பிடித்தாள். ஆசுப்பத்திரியில் பாதத்துக்கு மருந்து கட்டினார்கள். நேரத்தோடு வந்தது நல்லது, மூன்று கிழமைக்குத் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். வீட்டுக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது. கறண்ட் வந்திருந்தது.

ஜெரிசன் வாசலில் குழாய்த் துண்டுகளோடு காத்திருந்தான். "நாளைக்கு ரண்டுக்கும் ஒரே தாங்கியிலையிருந்து இழுத்துவிடுறன் அக்கா. முடிஞ்சால் ரண்டும் ஒண்டா முடியும். நல்ல தண்ணி கொஞ்சம் வீண்தான்."

"வீணாப் போகட்டும்," என்றாள் அவள்.

அவன் போனபின் யோசப்பின் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். அப்போதும் தொப்பியைக் கழற்றவில்லை.

"கொண்டி போட்டனீங்கள்."

"ஓம்."

"வேண்டாம் எண்டனான்."

"ஓம்." கனிசியஸ் கூரையைப் பார்த்தான். "சொல்லு. நாளைக்குப் போகேல்லை எண்டு சொல்லு. எனக்குத் தெரியும்."

அவள் எழும்பி அறை வாசலுக்குப் போனாள். அங்கேயிருந்து, கதவு உடைந்து திறந்து கிடந்த குளியலறையைப் பார்த்தாள்.

"நான் கதவு சாத்திக் குளிச்சு எவ்வளவு காலம் தெரியுமோ?" என்றாள். "நீங்கள் விழுந்தால் கேக்கவேணுமெண்டு நாலு வரியமாத் திறந்துபோட்டுத்தான் குளிக்கிறன். ஒரு காது எப்பவும் வெளியிலை."

அவனுக்கு அது தெரியாது. அவன் படுத்திருக்கும் கட்டிலிலிருந்து குளியலறை வாசல் தெரிவதில்லை.

"விடியக் குளிக்கவேணுமெண்டு ஆர் சொன்னது?" என்று திடீரென்று கேட்டாள்.

"நீதானே விடிய வாக்கிறனீ."

"அது, அடுப்பு விடிய எரியிறதாலை. அடுப்பு எரியேக்கை வாத்தன். இப்ப ஆர் அடுப்பு மூட்டினது? உங்கடை தாங்கி எப்ப நல்ல சூடு?"

மத்தியானத்து வெயில் முழுவதும் உள்ளே போனபின், பின்னேரம்தான் நல்ல சூடு. அதைப் பஞ்சு போர்த்தி, இரவு முழுவதும் பாதுகாத்து, விடியும்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது வெறும் பழக்கத்துக்காக. தண்ணீரில் வெயிலைச் சேமிப்பதே, வேண்டிய நேரத்தில் எடுப்பதற்காகத்தானே. அதைச் செய்துவிட்டு, நேரத்தை மட்டும் பழைய அடுப்படியிலேயே விட்டிருக்கிறார்கள்.

"பின்னேரம்," என்றான்.

"பின்னேரம் நான் நிப்பன். கால் ஆறினாப்பிறகு கதவைச் சாத்திக் குளியுங்கோ. நான் குசினிக்கை இருப்பன். உயிரோடை இருக்கிறியளோ எண்டு கேக்கமாட்டன். கொண்டி இல்லை, கண்டியளோ, அது மட்டும் இல்லை."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஆறரைக்குப் போறன். அந்தப் பிள்ளையள் ஓட்டுத் துண்டு கிடக்கோ எண்டு ஒழுங்காப் பாக்காமல் சதையைப் பெட்டியிலை போடுதுகள். நிண்ட கொஞ்ச நேரத்திலையே கண் நொந்துபோச்சு." தொப்பியைக் கழற்றினாள். தலை முழுவதும் நண்டு மணத்தது. தானே மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு துவாயை எடுத்தாள். "தாங்கியிலை இன்னும் சூடு இருக்கோ?"

"இருக்கு. வால்வைத் திறக்கவேணும்."

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். கொண்டியோடு மரமும் போயிருந்ததால் அது சாத்த நிற்கவில்லை, தானாகத் திறந்தது. கனிசியஸ் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவி, உருட்டிக்கொண்டு வந்தான். கட்டுப் போட்ட பாதத்தை மிதியில் சரியாக வைத்துப் பார்த்தான். நாற்காலியைத் திருப்பி, அதன் முதுகைக் கதவில் முட்டவைத்துச் சில்லுகளைப் பூட்டினான். கதவு அசையாமல் நின்றது.

"போ," என்றான். "ஒருத்தரும் வரமாட்டினம்."

உள்ளே வால்வு கிறீச்சிட்டது.

"இஞ்சருங்கோ, எது சுடுதண்ணி?"

இத்தனை நாளும் அவள் அதைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "இடக்கைப் பக்கம். முதல் மற்றதைத் திற. கறண்ட் வந்தது, மோட்டர் போட்டாச்சு, தாங்கி நிறைஞ்சிட்டுது. பிறகு மெல்ல மெல்ல இதைச் சேர். மணிக்கட்டிலை பார். உள்ளங்கை ஏமாத்தும். ஏனெண்டால் உள்ளங்கைத் தோல் தடிப்பு, அதாலை..."

"கொஞ்ச நேரம் கதையாமல் இருங்கோ," என்றாள் யோசப்பின் உள்ளேயிருந்து.

தண்ணீர் விழத் தொடங்கியது. கனிசியஸ் வாயை மூடிக்கொண்டு, முதுகைக் கதவில் சாய்த்தபடி இருந்தான்.